செனட் சபை யாருக்குக் காவல்?

இலங்கைக்கு இரண்டாவது சபை வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் அமெரிக்க செனட் சபையை உதாரணம் காட்டுவோர் உளர். அந்த உதாரணத்தை நான் ஐயத்துடனேயே கேட்பதுண்டு.

2020 குடிசன மதிப்பீட்டின்படி கலிபோர்னியாவின் சனத்தொகை சுமார் 3 கோடியே 95 இலட்சம். வயோமிங்கினுடையது 6 இலட்சத்துக்கும் குறைவு. பிரதிநிதிகள் சபையில் முன்னதற்கு 52 ஆசனங்கள், பின்னதற்கு ஒன்று. செனட்டிலோ தலா இரண்டு. 1787இல் பிலடெல்பியாவில் சிறிய மாநிலங்கள் விடாப்பிடியாக நின்று பெற்ற சமரசம் இது. அரசியலமைப்பின் தந்தை எனப்படும் ஜேம்ஸ் மடிசனே இதை எதிர்த்தவர்தான்.

சிறிய மாநிலம் வேறு, சிறுபான்மை மக்கள் வேறு. கறுப்பின மக்களின் உரிமைச் சட்டங்களைத் தென்மாநில செனட்டர்கள் முடிவில்லா உரைகளால் பல தசாப்தங்கள் தடுத்தது இச்சபையில்தான். 1964ஆம் ஆண்டுச் சட்டம் இரு மாதங்களுக்கு மேல் அங்கே இழுபட்டது. ஏறக்குறைய 7 இலட்சம் பேர் வாழும் தலைநகர் வாஷிங்டனுக்கோ வாக்குரிமையுள்ள செனட்டர் ஒருவர்கூட இல்லை.

எமது சோல்பரி யாப்பிலும் 30 பேர் கொண்ட செனட் சபை இருந்தது. பாதிப்பேரைக் கீழ்ச்சபை தெரிவுசெய்தது. மீதிப்பேரை மகாதேசாதிபதி பிரதமரின் ஆலோசனைப்படி நியமித்தார். 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தை அது தடுக்கவில்லை. 1971இல் அச்சபையே ஒழிக்கப்பட்டது.