பாதி வெந்த ஜவ்வரிசி

போன இதழில் வடாம் போடுவதைப் பற்றி எழுதியிருந்தேன். இந்தத் தடவையும் ஜவ்வரிசிதான், ஆனால் விஷயம் வேறு. என் நாத்தனார் "தாராளமா எழுது" என்று சொன்ன பிறகே பேனாவை எடுத்தேன்.

2021 மே மாதம் அவருக்குக் கொரோனா வந்து, நெஞ்சுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரலில் அங்கங்கே பஞ்சு ஒட்டினாற்போல் திட்டுத் திட்டாக இருந்தது. நல்லபடியாகப் பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டார். ஆறு மாதம் கழித்து மறுபடி எடுத்ததில் திட்டெல்லாம் கரைந்துபோய், வலது பக்கம் மேலே 9 மில்லிமீட்டரில் ஒன்று மட்டும் அப்படியே இருந்தது. ரிப்போர்ட்டில் 'நாட்யூல்' என்று பார்த்ததிலிருந்து யாருக்கும் சோறு இறங்கவில்லை. "கட்டின்னா வெட்டி எறிய வேண்டியதுதானே, இதில என்ன யோசனை?" என்று என் வீட்டுக்காரர் டாக்டரிடமே கேட்டுவிட்டார்.

அந்த டாக்டரம்மா பொறுமைசாலி. எங்களைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படத்தைக் காட்டினார். எக்ஸ்ரேயில் எலும்பு, இதயம் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக விழும். சி.டி.யோ வாழைக்காய் சீவுகிற மாதிரி, ஒரு மில்லிமீட்டர் கனத்தில்கூடச் சீவிச் சீவிக் காட்டுமாம். அதனால்தான் இத்தனை சின்னதின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிகிறது.

30 மி.மீ. வரை உள்ள உருண்டைக்குத்தான் நாட்யூல் என்று பெயர். அதில் மிளகு மாதிரி கெட்டியாக ஒரு ஜாதி. பாத்ரூம் ஜன்னல் கண்ணாடி மாதிரி மங்கலாக இன்னொன்று. அந்த மங்கலுக்குள்ளேயும் ரத்தக்குழாய் தெரியும். மூன்றாவது, சுற்றிலும் மங்கல், நடுவில் கெட்டிப் புள்ளி. எனக்கென்னவோ பாதி வெந்த ஜவ்வரிசிதான் கண்ணில் வந்தது. டாக்டர்கள் அதிகம் சந்தேகப்படுவது இந்த மூன்றாவதைத்தான். மங்கலானது கரையாமல் நின்றால் அதுவும் சில சமயம் புற்றுநோயின் ஆரம்பமாக இருக்கலாம். ஆனால் வளர்ச்சி ரொம்ப மெதுவு, பொறுத்துப் பார்க்க அவகாசம் உண்டு என்றார்.

கெட்டியெல்லாம் கெட்டதில்லை. என் மாமனாருக்கு இருந்த 5 மி.மீ. உருண்டை முழுக்கச் சுண்ணாம்பு படிந்தது, எப்போதோ வந்து ஆறிய டி.பி.யின் தழும்பு. "மறந்துடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். அதுவே ஓரம் முள்முள்ளாக இருந்தாலோ 8 மி.மீ.க்கு மேல் இருந்தாலோ சும்மா விடமாட்டார்களாம்.

நாத்தனாருடையது மங்கல் ஜாதி. இரண்டு வருஷம் கழித்து வரச் சொன்னார். முதல் இரண்டு மாதம் அவர் தும்மினால்கூட வீடே திரும்பிப் பார்த்தது. அப்புறம் எல்லோரும் மறந்தாயிற்று, அவர் உட்பட. 2023 நவம்பரில் நான் ஞாபகப்படுத்தினால், மகளின் சீமந்த வேலையில் இருந்தவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பீடி வாடையே தெரியாத உடம்பும்மா இது. இருமல்கூட இல்லை, எதுக்குத் தண்டச் செலவு?" என்றார். "அண்ணி, சீமந்தம் முடிஞ்ச மறுநாள் போறோம்" என்று சண்டை போட்டுத்தான் அழைத்துப் போனேன்.

பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். உருண்டை அதிகம் பெருக்கவில்லை. ஆனால் நடுவில் 4 மி.மீ. கெட்டிப் புள்ளி. டாக்டரம்மா வாய் திறக்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது.

2024 ஜனவரியில் நுரையீரலில் அந்தச் சின்னப் பகுதியை மட்டும் எடுத்தார்கள். ஆரம்ப நிலைப் புற்றுநோய்தான். புகைக்காத பெண்களுக்கும் இந்த வகை வருவதுண்டாம். கீமோ வேண்டியிருக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே ஸ்கேன் எடுக்க ஓடாதீர்கள், சகோதரிகளே. 2011-ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியில், பல வருஷம் நிறையப் புகைத்தவர்களுக்கே, ஸ்கேனில் சந்தேகம் என்று குறித்த 100-ல் 96 புற்றுநோய் இல்லையாம். டாக்டர் தேதி கொடுத்திருந்தால் மட்டும் அதைத் தள்ளிப்போடாதீர்கள். போகும்போது பழைய சி.டி.யையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது.

நாத்தனாரின் சி.டி. எல்லாம் இப்போது என் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது. அவர் வீட்டில் வைத்தால் பேரன் உருட்டி விளையாடிவிடுகிறான்.