சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!

கோவாவின் மட்காவ் மைதானத்தில், 2025 அக்டோபர் 14-ந் தேதி, இந்தியக் கால்பந்துக் குழு சிங்கப்பூரிடம் 2-க்கு 1 என்ற கணக்கில் தோற்றது. முதல் கோலை அடித்தவர்கள் நாம். ஆட்டத்தை வென்றவர்கள் அவர்கள். 2027 ஆசியக் கோப்பைக்குப் போகும் வழி அன்றிரவே அடைபட்டுப் போயிற்று. மறுநாள் காலை தேநீர்க் கடை பெஞ்சு முதல் பத்திரிகைப் பத்தி வரை ஒரே கூக்குரல்: "பயிற்சியாளரை மாற்று!"

யார் அந்தப் பயிற்சியாளர்? காலித் ஜமீல். எப்போது வந்தார்? ஆகஸ்ட் 1-ந் தேதி. அதாவது, அவர் நாற்காலியில் அமர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை! இன்னொன்றையும் தோழர்கள் நினைவில் வைக்க வேண்டும். செப்டம்பர் 8-ந் தேதி மத்திய ஆசியப் போட்டியில் ஓமானைப் பெனால்டி உதையில் வென்று மூன்றாம் இடம் பிடித்தபோது, இதே வாய்கள்தான் அவரைத் தோளில் தூக்கி வைத்து ஆடின. "வெளிநாட்டான் எதற்கு? நம்மவன் ஒருவன் போதும்!" என்றன. ஐந்து வாரத்தில் தோளிலிருந்து தெருவில் இறக்கிவிட்டார்கள். தூக்கியதும் தவறு, இறக்கியதும் தவறு. இரண்டிற்கும் வேர் ஒன்றே. ஒரு மனிதன் வந்து மந்திரம் போட்டால் மண் பொன்னாகிவிடும் என்ற மயக்கம்தான் அது.

பழைய கணக்கைப் புரட்டிப் பார்ப்போம். 2012 முதல் 2025 வரை நான்கு வெளிநாட்டுப் பயிற்சியாளர்கள் வந்தார்கள். டச்சுக்காரர் கோவர்மான்ஸ், ஆங்கிலேயர் கான்ஸ்டன்டைன், குரோஷியாவின் ஸ்டிமாக், ஸ்பெயினின் மார்க்கெஸ். ஒவ்வொருவரும் மாலையோடு வந்தார்கள், வசையோடு போனார்கள். ஸ்டிமாக் காலத்தில், கத்தாரில் 2024 ஜனவரியில் நடந்த ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டமும் தோல்வி. ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா ஆகிய மூன்று நாடுகளுக்கு எதிராகவும் ஒரு கோல்கூட நாம் அடிக்கவில்லை. அந்த ஆண்டு ஜூனில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றிலிருந்து வெளியேறியதும் அவரை நீக்கினார்கள். அடுத்து வந்த மார்க்கெஸ் எட்டு ஆட்டங்களில் ஒன்றில்தான் வென்றார். அவரோ முதல் ஆண்டு முழுவதும் கோவா கிளப்புக்கும் பயிற்சியாளர்! நாட்டுக் குழுவை அரை ஆள் வேலையாக ஒப்படைத்தவர்கள் முழு ஆள் பலனை எதிர்பார்த்தார்கள்.

நாம் கேட்கிறோம்: நான்கு பேர் மாறியும் நிலை மாறவில்லை என்றால், குற்றம் அந்த நால்வரிடம் மட்டுமா இருக்கும்? பட்டறையில் இயந்திரம் பழுது. உதிரிச் சாமான் வரவில்லை. மின்சாரம் பாதி நேரம் இல்லை. மேஸ்திரியை மட்டும் மாதத்துக்கு ஒருவராக மாற்றிக்கொண்டே போகிறது நிர்வாகம். உற்பத்தி பெருகுமா? ஆலையில் வேலை பார்க்கும் தோழர்களுக்கு இதற்கு விடை சொல்லித் தர வேண்டியதில்லை.

ஜமீல் கையில் ஒப்படைக்கப்பட்டது என்ன? தகுதிச் சுற்றில் இரண்டு ஆட்டம் முடிந்து ஒரே ஒரு புள்ளி. வங்காள தேசத்தோடு ஷில்லாங்கில் சமன், ஹாங்காங்கிடம் தோல்வி. பிரிவில் முதலிடம் பெறும் குழு மட்டுமே ஆசியக் கோப்பைக்குப் போகும் என்பது விதி. இது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். நாட்டின் முதன்மைப் போட்டியான இந்தியன் சூப்பர் லீக்கை 2025 ஜூலையில் நிறுத்தி வைத்தார்கள். காரணம், அகில இந்திய சம்மேளனத்துக்கும் போட்டியை நடத்தும் கம்பெனிக்கும் 2010-ல் ஏற்பட்ட பதினைந்தாண்டு ஒப்பந்தம் அந்த டிசம்பரில் முடிவதாக இருந்தது. அடுத்து என்ன என்று எவரும் முன்கூட்டி முடிவு செய்யவில்லை. பதினைந்தாண்டு அவகாசம் இருந்தது ஐயா! கடைசி நேரம் வரை கைகட்டி நின்றுவிட்டு, தலைக்கு மேல் வெள்ளம் வந்தபின் நீதிமன்றத்தை நோக்கி ஓடினார்கள். சில கிளப்புகள் சம்பளத்தையே நிறுத்தி வைத்தன. உழைத்தவன் வீட்டு அடுப்பு எரியாமல் இருக்கும்போது, அவன் காலிலிருந்து கோல் பிறக்குமா? வழக்கமாகச் செப்டம்பரில் தொடங்கும் லீக், 2026 பிப்ரவரியில்தான் சுருங்கிய வடிவில் தொடங்கிற்று. இடைப்பட்ட காலத்தில் லீக் ஆட்டமில்லாத கால்களை வைத்துக்கொண்டுதான் ஜமீல் சிங்கப்பூரையும் வங்காள தேசத்தையும் சந்தித்தார். நவம்பர் 18-ந் தேதி டாக்காவில் 1-0 என்ற தோல்வி. 2003-க்குப் பிறகு அவர்களிடம் நாம் கண்ட முதல் தோல்வி அது.

இதனால் ஜமீல் குற்றமற்றவர் என்று தீர்ப்பெழுத நாம் வரவில்லை. சொந்த மண்ணில் முன்னணி பெற்ற ஆட்டத்தைப் பறிகொடுத்ததற்கு அவரும் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் எதற்கு யார் பதில் சொல்வது என்பதைப் பிரித்தறிய வேண்டாமா? எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

ஜமீலின் பெயர் நாடறிந்தது 2017-ல். மிசோரம் மலையிலிருந்து வந்த ஐஸ்வால் என்ற சிறு கிளப்பை ஐ-லீக் பட்டத்துக்கு அழைத்துச் சென்றவர் அவர். சிறு குழுவைக் கட்டுக்கோப்பாக ஆட வைக்கத் தெரிந்தவர் என்பதற்கு அதுவே சான்று. ஆனால் கிளப்பில் ஆட்டக்காரன் நாள்தோறும் பயிற்சியாளரின் கண்முன் நிற்கிறான். மாதக்கணக்கில் அவனைச் செதுக்கலாம். நாட்டுக் குழுவிலோ சில நாள், மிஞ்சினால் சில வாரம். அங்கே புதிதாக எதையும் விளைவிக்க முடியாது; விளைந்து வந்ததை அடுக்கலாம். கோல் அடிக்கும் ஆள் இல்லையே என்கிறார்கள். நம் கிளப்புகள் பெரும்பாலும் முன்வரிசையில் வெளிநாட்டவரையே நிறுத்தினால், நம் பையன் கோல் அடிக்கப் பழகுவது எங்கே? 2024-ல் விடைபெற்றுப் போன சுனில் சேத்ரியை 2025-ல் திரும்ப அழைத்தார்கள். அக்டோபரில் அவருக்கு வயது 41. அது சேத்ரிக்குப் பெருமை, நாட்டுக்கு எச்சரிக்கை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

"நூற்று நாற்பது கோடி மக்களில் பதினோரு பேர் கிடைக்கவில்லையா?" என்று சிலர் கேட்கிறார்கள். கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் மக்கள்தொகை பந்து ஆடுவதில்லை, தோழர்களே! மைதானமும், கற்றுத் தரும் ஆளும், வாராவாரம் ஆட்டமும் யாருக்குக் கிடைக்கிறதோ, அவர்கள்தான் ஆடுகிறார்கள். நம்மை வென்ற சிங்கப்பூரின் மக்கள்தொகை ஏறத்தாழ அறுபது இலட்சம். நம் பிரிவிலிருந்து ஆசியக் கோப்பைக்குச் சென்றது அந்த நாடுதான்.

அப்படியானால் இந்தியா என்றுமே ஆடியதில்லையா? ஆடியது. 1951 டெல்லியிலும் 1962 ஜகார்த்தாவிலும் ஆசிய விளையாட்டுத் தங்கம் நமக்கு. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராக நாம் ஒரு கோல் அடித்தோம். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த கடைசி கோல் அதுதான் என்பதை எண்ணும்போது நெஞ்சு வலிக்கிறது. அந்தக் காலத்துப் பயிற்சியாளர் ஹைதராபாத்தின் ரஹீம், பள்ளி ஆசிரியர். அவரை மந்திரவாதி என்பார்கள். அவர் மந்திரம் செய்யவில்லை. 1950 முதல் 1962 வரை காலம் பெற்றார். அவருக்கு ஆட்டக்காரர்களைத் தந்தவை ஹைதராபாத் போலீஸ் குழுவும், கிழக்கு ரயில்வேயும், கல்கத்தா கிளப்புகளும். வேலையும் சம்பளமும் உண்டு, ஆட்டமும் உண்டு. அந்த அடித்தளத்தின் மேல்தான் அவர் கட்டினார்.

அண்மைய சான்று வேண்டுமா? உஸ்பெகிஸ்தான். 2006, 2014 உலகக் கோப்பைகளின் வாசல் வரை சென்று திரும்பிய நாடு அது. அழுது புலம்பி உட்காரவில்லை. சிறுவர்களிடம் முதலீடு செய்தது. 2023-ல் இருபது வயதுக்குட்பட்டோருக்கான ஆசியக் கோப்பையை வென்றது. 2025-ல் முதன்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. விதைத்தது ஒரு நாள், அறுத்தது பல்லாண்டு கழித்து.

ஆகவே அளவுகோலைச் சரியாகப் பிடிப்போம். பயிற்சியாளரிடம் நாம் கேட்க வேண்டியது: கட்டுக்கோப்பான தற்காப்பு, நமக்கு நிகரானவர்களிடம் சொந்த மண்ணில் தோற்காத உறுதி, இளைஞர்களுக்கு வாய்ப்பு, ஆசியக் கோப்பைக்கு ஒவ்வொரு முறையும் தகுதி. உலகக் கோப்பையை அவரிடம் கேட்பது முதல் மழைக்கே அறுவடை கேட்பதாகும். சம்மேளனத்திடம் கேட்க வேண்டியதோ அதைவிடப் பெரிது: தவறாமல் நடக்கும் லீக், தவறாமல் வரும் சம்பளம், மாவட்டந்தோறும் சிறுவர் போட்டி, பயிற்சி பெற்ற ஆசிரியர்கள். இவற்றைத் தராமல் பயிற்சியாளரை மட்டும் பலியிட்டால், ஆறாவது ஆளும் இதே வழியில்தான் போவார்.

வியாசர்பாடிச் சந்துகளில் இன்று மாலையும் ஒரு பையன் பந்து உதைத்துக் கொண்டிருப்பான். அவன் தந்தை நம்மைப் போன்ற ஒரு தொழிலாளி. அந்தப் பையன் இருபது வயதில் எங்கே நிற்பான் என்பதை முடிவு செய்யப் போவது டெல்லியில் எவர் பயிற்சியாளர் என்பதல்ல; அவன் தெருமுனையில் மைதானம் மைதானமாகவே இருக்கிறதா என்பதுதான். அதைக் கேட்போம். உரக்கக் கேட்போம். விடை வரும் வரை கேட்போம்!