போன ஊரிலிருந்தே திரும்ப வேண்டுமா?

சென்னையிலிருந்து மதுரை, ராமேஸ்வரம், கன்னியாகுமரி என்று ஒரு சுற்றுப் போகிறவர், ஊர் திரும்ப ரயில் ஏறுவதற்காக மறுபடி மதுரைக்கு வருவாரா? வரமாட்டார். கன்னியாகுமரியிலேயே ஏறிப் படுத்துவிடுவார். இதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதே ஆள் ஐரோப்பாவுக்குக் கிளம்பட்டும். லண்டன், பாரிஸ், ஸ்விட்சர்லாந்து, ரோம் என்று திட்டம் போடுவார். டிக்கெட் மட்டும் சென்னை-லண்டன்-சென்னை என்று எடுப்பார். ரோமில் முடிகிற பயணத்துக்கு லண்டனில் ஏன் விமானம் ஏறவேண்டும் என்று கேட்டால், "ரிட்டர்ன் டிக்கெட்தானே சீப்" என்று பதில் வரும். அந்தப் பதில் பாதிதான் சரி.

இந்தப் பழக்கத்துக்கு முதல் காரணம் சோம்பேறித்தனம் அல்ல, டிக்கெட் விற்கும் தளங்களின் அமைப்பு. உள்ளே போனதும் 'ரவுண்ட் டிரிப்' என்பது ஏற்கெனவே தேர்வு செய்யப்பட்டிருக்கும். பக்கத்தில் 'ஒன் வே'. அதற்கும் பக்கத்தில், யாரும் தொடாத மூன்றாவது பொத்தான் 'மல்டி சிட்டி'. ஓர் ஊரில் இறங்கி வேறோர் ஊரில் ஏறும் டிக்கெட் அங்கேதான் இருக்கிறது. விமானத் தொழிலில் இதற்கு 'ஓப்பன் ஜா' என்று பெயர். வரைபடத்தில் கோடு போட்டால் திறந்த வாய் போலத் தெரியும் என்பதால் அந்தப் பெயர்.

இரண்டாவது காரணம் பயம். ஒரு வழி டிக்கெட் இரண்டைத் தனித்தனியாக எடுத்தால் பெரிய நிறுவனங்களில் விலை எகிறும் என்பது பலருக்கும் பட்ட அனுபவம். ஆனால் மல்டி சிட்டி என்பது இரண்டு ஒரு வழி டிக்கெட் இல்லை. ஒரே டிக்கெட்தான். லண்டன் ரிட்டர்ன் கட்டணத்தில் பாதி, ரோம் ரிட்டர்ன் கட்டணத்தில் பாதி என்கிற மாதிரிதான் பெரும்பாலும் கணக்கு வரும். லண்டனுக்கும் ரோமுக்கும் இரண்டுக்குமே பறக்கிற நிறுவனமாக இருந்தால் போதும். சென்னையிலிருந்து லுஃப்தான்சாவும் வளைகுடா நிறுவனங்களும் அப்படிப்பட்டவை.

வேடிக்கை என்னவென்றால், குழுவாக அழைத்துப் போகும் சுற்றுலா கம்பெனிகளுக்கு இது எப்போதோ தெரியும். லண்டனில் இறக்கி ரோமில் ஏற்றிவிடும் பயணத் திட்டம் அவர்களிடம் சர்வசாதாரணம். தானே டிக்கெட் போடும் குடும்பம்தான் திரும்பி வந்து மாட்டிக்கொள்கிறது.

இந்தப் பாதையையே எடுத்துக்கொள்ளலாம். லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்தில் யூரோஸ்டார் ஏறினால் பாரிஸுக்கு ஏறக்குறைய இரண்டேகால் மணி நேரம். பாரிஸிலிருந்து சூரிக்குக்கு அதிவேக ரயிலில் நான்கு மணி நேரம். சூரிக்கிலிருந்து மிலானுக்கு மூன்றரை மணி நேரத்துக்குள். நடுவில் 2016ல் திறந்த 57 கிலோமீட்டர் கோட்ஹார்ட் சுரங்கம் வருகிறது. மிலானிலிருந்து ரோமுக்கு மூன்று மணி நேரம் சொச்சம். எல்லாமே ஊர் நடுவில் ஏறி ஊர் நடுவில் இறங்குவது. ஒரு தடவை போன வழியில் மறுபடி போவதே கிடையாது.

இப்போது கடைசியில் ரோமிலிருந்து லண்டனுக்குத் திரும்புவதைச் சேர்த்தால் என்ன ஆகும்? பறக்கும் நேரம் இரண்டரை மணிதான். ஆனால் அறையைக் காலி செய்து, விமான நிலையம் போய், இரண்டு மணி நேரம் முன்னதாகக் காத்திருந்து, இறங்கி, பாஸ்போர்ட் வரிசையில் நின்று வெளியே வரும்போது பகல் முடிந்திருக்கும். மலிவு விலை விமானம் என்றால் பெட்டிக்குத் தனிக் காசு. அது இறங்குவது ஸ்டான்ஸ்டெட்டாக இருக்கலாம். லண்டனுக்கு வடகிழக்கில் இருக்கிறது அது. சென்னை விமானம் கிளம்பும் ஹீத்ரோ மேற்கில். நடுவில் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரமாவது போகும். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்பதால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் இரண்டு நிறுவனமும் பொறுப்பேற்காது. அதற்குப் பயந்தே எல்லோரும் முந்தின நாளே லண்டன் வந்து ஓர் இரவு ஓட்டலில் தங்குகிறார்கள். லண்டன் ஓட்டல் வாடகை எவ்வளவு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒருவருக்கு மூன்று லட்சம் செலவில் பன்னிரண்டு நாள் பயணம் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளின் விலை இருபத்தைந்தாயிரம் ரூபாய். திரும்பி வருவதில் தொலைகிற நாளுக்கு இந்த விலையை யாரும் போடுவதில்லை. டிக்கெட்டில் மூவாயிரம் மிச்சம் என்பது மட்டும் திரையில் தெரிகிறது.

அந்த மிச்சமும் நிச்சயமில்லை. பிரிட்டனில் 1994லிருந்து விமானப் பயணி வரி ஒன்று உண்டு. பிரிட்டனிலிருந்து கிளம்புகிறவர்களுக்குத்தான் அந்த வரி, வந்து இறங்குகிறவர்களுக்கு இல்லை. இந்தியா வரையிலான தூரத்துக்கு, சாதாரண வகுப்பில், பதினாறு வயதான ஒவ்வொருவருக்கும் 2025 ஏப்ரலில் 90 பவுண்டு. 2026 ஏப்ரலிலிருந்து 102 பவுண்டு. பெரியவர்கள் நாலு பேர் என்றால் நாற்பதாயிரம் ரூபாயைத் தாண்டும். ரோமிலிருந்து கிளம்பி லண்டனில் விமானம் மட்டும் மாறினால், அதுவும் ஒரே டிக்கெட்டில் 24 மணி நேரத்துக்குள் என்றால், இந்த வரி கிடையாது. பெட்டியும் ரோமில் போட்டால் சென்னையில் எடுத்துக்கொள்ளலாம்.

சரி, இரண்டு முனையில் எந்த ஊர் முதலில், எந்த ஊர் கடைசியில்? வரியைத் தள்ளி வைத்துப் பார்த்தாலும் லண்டன் முதலில் வருவதுதான் நல்லது. தூக்கமில்லாமல் பத்து மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து இறங்குகிறவர்களுக்கு, பலகை படிக்கத் தெரிந்த ஊர், வழி கேட்டால் பதில் புரிகிற ஊர் பெரிய ஆறுதல். பொருள் வாங்கினால் வரியைத் திருப்பித் தரும் வசதியை பிரிட்டன் 2021 ஜனவரியோடு சுற்றுலாப் பயணிகளுக்கு நிறுத்திவிட்டது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் உண்டு. அந்த முத்திரையை ஒன்றியத்தை விட்டுக் கிளம்பும் கடைசி இடத்தில் வாங்க வேண்டும். கடைசி ஊர் ரோம் என்றால் அங்கே வாங்கி, அங்கேயே முத்திரை குத்தி, அப்படியே விமானம் ஏறலாம்.

விசாவிலும் கவனம் தேவை. லண்டனை நடுவில் வைப்பது பெரிய தப்பு. பிரிட்டன் ஷெங்கனில் இல்லை. ஒரே நுழைவுக்கான ஷெங்கன் விசா வைத்துக்கொண்டு பாரிஸ் பார்த்து, லண்டன் போய், மறுபடி ரோமுக்கு வர முடியாது. முதல் தடவை வெளியேறியதோடு அந்த விசா முடிந்தது. இறங்குகிற முதல் நாட்டின் தூதரகத்தில்தான் ஷெங்கன் விசா கேட்க வேண்டும் என்ற நம்பிக்கையும் தவறு. அதிக நாள் தங்கும் நாட்டிடம் கேட்க வேண்டும். நாட்கள் சமம் என்றால்தான் முதலில் நுழையும் நாடு. ஆகவே விசாவுக்காக ஊர்களின் வரிசையை மாற்றிக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எதிர்ப்பக்கமும் நியாயம் இருக்கிறது. ஈஸ்ட் ஹாமிலோ வெம்பிளியிலோ சித்தி வீடு இருந்தால் கணக்கே வேறு. பெரிய பெட்டிகளை அங்கே போட்டுவிட்டு, தோள் பையோடு பாரிஸ் போய் வரலாம். கடைசி இரவு ஓட்டல் செலவும் இல்லை, ரசம் சாதமும் கிடைக்கும். அப்படிப்பட்டவர்கள் லண்டன் ரிட்டர்ன் எடுப்பதே சரி. ஆனால் அவர்கள் ரோமைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டு லண்டன், பாரிஸ் இரண்டோடு நிறுத்திக்கொண்டால் இன்னும் நல்லது. வாடகைக் காரில் சுற்றுகிறவர்களுக்கும் வட்டம்தான் லாபம். ஒரு நாட்டில் எடுத்த காரை வேறு நாட்டில் விட்டால் கட்டணம் தலைசுற்றும். சில தேதிகளில் மல்டி சிட்டி விலை நிஜமாகவே அதிகமாக இருப்பதும் உண்டு. அப்போது அந்த வித்தியாசத்தை, திரும்பி வரும் விமானம், பெட்டிக் காசு, ஓட்டல், பஸ், வீணாகும் நாள் எல்லாவற்றையும் கூட்டின தொகையோடு ஒப்பிட்டு முடிவு செய்யலாம். ஐந்து நிமிட வேலை.

கல்லூரி முடித்து வேலைக்குப் போனவர்கள் முதலில் செய்ய நினைப்பது அப்பா அம்மாவை ஒரு தடவை வெளிநாடு கூட்டிப்போவது. அந்த வயதில் அவர்களுக்கு மூட்டு வலி இருக்கும், இன்னொரு தடவை போவார்களா என்பதும் நிச்சயமில்லை. அப்படிப்பட்ட பயணத்தின் கடைசி நாளை அவர்கள் ஸ்டான்ஸ்டெட் பஸ் நிறுத்தத்தில் பெட்டிக்குக் காவலாக உட்கார்ந்து கழிக்க வேண்டுமா, அல்லது ரோமில் ஒரு சதுக்கத்தில் நிதானமாக உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு அன்று இரவு விமானம் ஏற வேண்டுமா? இது முடிவாவது பயணத்தின்போது அல்ல. அதற்குப் பல மாதம் முன்னால், அந்த மூன்றாவது பொத்தானை அழுத்துகிறோமா இல்லையா என்பதில்.