ஆண்பிள்ளைக்கு ஏழு நாள்

சிகாமட் வட்டாரத் தோட்டமொன்றில், சங்கக் கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்டோம்: மனைவிக்குப் பிரசவமானால் புருஷன் ஏழு நாள் லீவெடுத்து வீட்டில் இருக்கலாமா? நால்வர் கை தூக்கினர். மற்றவர் சிரித்தனர். "மருந்து அரைக்கப் போறியா?" என்று ஒருவர் கேட்கவே, தூக்கிய கைகளிலும் ஒன்று இறங்கிற்று.

ஆண்களின் அபிப்பிராயத்தை இப்படி அறிய முடியாது என்பது அன்று மாலையே விளங்கியது. சிரித்தவர்களில் இருவர் தனித்தனியே வந்து, "கிராணி ஐயா, சம்பளத்தில் பிடிப்பாங்களா?" என்றார்கள்.

பிடிக்க முடியாது, தோழர்களே! 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, 2023 ஜனவரி 1 முதல் அமுலில் உள்ளது. ஒரே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்த, மணமான ஆணுக்குச் சம்பளத்தோடு தொடர்ந்து 7 நாள். ஐந்து பேறு வரை. 30 நாள் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். தாய்க்கு 60 நாளாயிருந்த லீவும் 98 ஆயிற்று.

முன்பு லயத்தில் பாட்டியோ அத்தையோ பக்கத்து வீட்டிலேயே இருந்தார்கள். இன்று பாதிக் குடும்பம் ஜோகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறது. பச்சை உடம்புக்காரிக்கு வெந்நீர் வைப்பது யார்? இருட்டோடு எழுந்து அவளும் நம்மோடு பால் வெட்டியவள்தானே. அங்கே குறையாத ஆண்மை அடுப்படியில் குறைந்துவிடுமோ?

அடுத்த கூட்டத்தில் கை தூக்கச் சொல்லமாட்டோம். பெட்டி வைக்கிறோம், சீட்டில் பெயர் எழுத வேண்டாம்.