கிரேக்கம் ஒன்றே ஊற்றா?

மாயாஜாலக் கதைகள் யாவற்றுக்கும் மூலம் கிரேக்க புராணமே என்ற நம்பிக்கை, படித்தவர்களிடையே விவாதத்திற்கு இடமற்ற சத்தியம்போல் நிலைபெற்றுவிட்டது. ஹாரி பாட்டரின் மூன்று தலை நாய் கிரேக்கப் பாதாளத்தின் காவல் நாய்தான் என்று அறிந்த மாத்திரத்தில், எஞ்சிய அற்புதங்களும் அங்கிருந்தே வந்திருக்க வேண்டும் என்று அவர்கள் தீர்மானித்துவிடுகிறார்கள். வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் ஆலயத்துக் கல்யாண மண்டபத்திலே, தூணைப் பிளந்து பாய்வதுபோல் பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் யாளிக்குக்கூட அவர்கள் கிரேக்கத்தில் பூர்விகம் தேடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

2005-இல் வெளிவந்த பெர்சி ஜாக்சன் வரிசையின் முதல் நூல் முழுக்க முழுக்கக் கிரேக்கத் தெய்வங்களின் கதையே. அதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் இன்றைய மாயக்கதைக்குப் பெரும்பாலும் வழிவகுத்த டோல்கீன், தம் குள்ளர்களின் பெயர்களைப் பழைய நார்ஸ் மொழிப் பாடலிலிருந்தும், சோக நாயகன் ஒருவனைப் பின்லாந்தின் கலேவலா காவியத்திலிருந்தும் எடுத்தவர். ஹாரி பாட்டரின் எதிரி வோல்டமார்ட் தன் உயிரைப் பொருள்களில் ஒளித்துவைப்பதைப் படிக்கும் நம்மவர்க்கு, ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் உயிரை வைத்த மந்திரவாதி நினைவுக்கு வரவேண்டாமா? இந்திய ஆயா ஒருவர் சொல்லக் கேட்டு மேரி ஃபிரியர் 1868-இல் அச்சிட்ட நூலிலேயே அந்தக் கிளி இருக்கிறது. கிரேக்கத்திலும் மெலியாகரின் உயிர் ஒரு கொள்ளிக்கட்டையில் இருந்தது உண்மை. ஆகவே உயிரை வெளியே ஒளித்துவைக்கும் அந்தக் கற்பனை எந்த ஒரு தேசத்தின் தனிச்சொத்தும் அன்று.

தோல் தொழிலால் உலகறிந்த இந்தப் பாலாற்றங்கரையிலோ இரண்டு பெருங்கதை மரபுகள் வந்து சங்கமித்திருக்கின்றன. ஒன்று, வடஆர்க்காட்டுத் தெருக்கூத்து. அதில் பாரதப் போருக்குக் களப்பலியாகத் தன் தலையைக் கொடுத்த அரவான், வெட்டுண்ட அந்தத் தலையின் கண்களாலேயே பதினெட்டு நாள் யுத்தத்தையும் பார்க்கும் வரம் பெறுகிறான். படுகளத்தன்று மண்ணால் செய்து கிடத்தப்பட்ட பிரம்மாண்டமான துரியோதனனின் தொடையைப் பிளந்து, அந்த இரத்தத்தைத் தொட்டே திரௌபதி கூந்தல் முடிக்கிறாள். இந்தப் பயங்கரமும் இந்த மகத்துவமும் எந்த ஒலிம்பசுக்குக் குறைந்தவை?

மற்றொன்று, ஆம்பூர், வாணியம்பாடி வீடுகளில் வழங்கும் உருது மொழியின் தாஸ்தான் என்னும் நெடுங்கதை. 1883 முதல் லக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் நாற்பத்தாறு பாகங்களாக வெளியிட்ட அமீர் ஹம்சாவின் கதையில், அமர் அய்யார் என்ற தந்திரசாலியின் தோளில் ஸன்பீல் என்றொரு பை தொங்குகிறது. எதைப் போட்டாலும் நிறையாத அந்தப் பைக்குள் நகரங்களும் நதிகளுமே அடக்கம். ஹாரி பாட்டர் கதையில் ஹெர்மயனியின் மணிப்பையைக் கண்டு வாய்பிளக்கும் வாணியம்பாடிப் பிள்ளைக்கு, அவன் வீட்டு மொழியிலேயே அப்படியொரு பை உண்டென்று எந்த ஆசிரியர் சொல்லியிருக்கிறார்?

கிரேக்கத்தைப் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஹோமரைப் படியாதவன் பெரிய சுகத்தை இழந்தவன். ஆனால் மாயக்கதை எழுதப் பேனா எடுக்கும் இவ்வூர் இளைஞன், மெதூசாவின் தலையைத் தேடிப் போகுமுன், விடிய விடியக் கூத்துப் பார்த்துவிட்டுக் காலையில் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் தன் பக்கத்து வீட்டுக்காரரிடம் அரவானின் தலையைப் பற்றி முதலில் கேட்கட்டும்.