உப்பு முதலில், சோடா அப்புறம்

ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரியில் நான் வாங்கிய மார்க் 61. நூற்றுக்கு இல்லை ஸார், இருநூறுக்கு. 70 எடுத்தால் பாஸ். ஒன்பது மார்க்கில் கோட்டை விட்டவனை வீட்டில் வைத்துச் சோறு போடுவானேன் என்று, அக்காவைக் கட்டிய மச்சான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டிஸ்பாட்ச் கிளார்க்காகச் சேர்த்துவிட்டார். வருஷம் 1993.

அக்டோபரில் திரும்ப எழுதலாம். பாஸ் ஆனால் தபாலில் ஒரு டிகிரி. இல்லாவிட்டால் ஆயுசுக்கும் அட்டைப்பெட்டி எண்ண வேண்டியதுதான். டுடோரியலில் சேரலாம் என்றால் திருப்பூரில் வேலை நேரமே ஒன்றரை ஷிப்ட். கம்பெனி முடிந்து வெளியே வரும்போது டுடோரியல் வாத்தியார் தூங்கியிருப்பார். ஆகவே வாத்தியாரும் நானே, மாணவனும் நானே. இரண்டு பேருக்கும் பாடம் தெரியாது.

கைடை வைத்து மனப்பாடம் செய்தேன். ஒரு வாரம் நின்றது. சனிக்கிழமை சம்பளம் வாங்கி சினிமாவுக்குப் போய் வந்ததும், மோலாவது மோலாரிட்டியாவது, எல்லாம் ஆவி.

திருப்பம் வந்தது சாயப்பட்டறையில். சாயம் போட்ட துணியை எண்ணி வாங்கி வருவதும் என் வேலைதான். லாட் முடியும்வரை மணிக்கணக்கில் உட்கார வேண்டும். புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். மாஸ்டர் எட்டிப் பார்த்தார். எட்டாவது படித்தவர். ஆனால் ஈரத் துணியைப் பார்த்தே காய்ந்தபின் என்ன ஷேடு வரும் என்று சொல்லிவிடுவார்.

“என்னங் தம்பி, சோடியம் குளோரைடா? நம்ம உப்புத்தானுங்க?”

“ஆமாங்க மாஸ்டர்.”

“முதல்ல உப்பு, அப்புறந்தான் சோடா. மாத்திப் போட்டா துணி திட்டுத் திட்டாப் போயிரும். ஏன்னு உங்க புக்குல போட்டிருக்குதுங்களா?”

போட்டிருக்கவில்லை. ஆனால் புக்கில் இருந்ததை வைத்தே யோசிக்க முடிந்தது. பருத்தி என்பது செல்லுலோஸ். தண்ணீரில் நனைந்தால் அதன் மேல் எதிர்மின் ஏறுகிறது. சாயமும் எதிர்மின். மாமியார் மருமகள் மாதிரி ஒன்றையொன்று தள்ளும். உப்பு நடுவில் புகுந்து அந்தத் தள்ளலைக் குறைக்க, சாயம் துணியில் ஏறுகிறது. பிறகு சோடா ஆஷ், அதாவது சோடியம் கார்பனேட். காரம் வந்ததும் செல்லுலோஸின் ஹைட்ராக்சிலோடு சாயம் சகப்பிணைப்பு போட்டுக்கொள்கிறது. அப்புறம் எத்தனை தடவை துவைத்தாலும் எளிதில் விடாது. (1956ல் இங்கிலாந்தில் ஐ.ஸி.ஐ. கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்த ரகம் இது.) சோடாவை முதலில் கொட்டினால் சாயம் பரவலாக ஏறுமுன்பே அங்கங்கே பிடித்துக்கொள்ளும். அதான் திட்டு.

கரும் ஷேடுக்கு மாஸ்டரின் கணக்கு: 100 கிலோ துணி, 1,000 லிட்டர் தண்ணீர், 60 கிலோ உப்பு. லிட்டருக்கு 60 கிராம். சோடியம் குளோரைடின் மோலார் நிறை 58.5. எனக்குப் புல்லரித்தது. மாஸ்டர் இத்தனை வருஷமாக ஏறக்குறைய ஒரு மோலார் கரைசல் தயாரித்துக்கொண்டிருக்கிறார், அவருக்கே தெரியாமல்! கடல் தண்ணீரிலேயே லிட்டருக்கு 35 கிராம்தான் உப்பு.

அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் கணக்கு. வெளுக்கப் போடும் பெராக்சைடு என்றால் ஆக்சிஜனேற்றம். கடைசியில் ஊற்றும் அசிட்டிக் ஆசிட் என்றால் நடுநிலையாக்கல். 1856ல் பெர்கின் என்ற பதினெட்டு வயசுப் பையன் ஈஸ்டர் லீவில் வீட்டிலேயே கொய்னா செய்யப் பார்த்து, தவறிப்போய் ஊதாச் சாயம் கண்டுபிடித்தான். அதே வயசில் நான் 61 வாங்கியிருந்தேன். பரவாயில்லை.

அக்டோபர் வந்தது. என்ன கேள்வி வந்தது என்பதெல்லாம் மறந்துவிட்டது. மார்க் 118. ஜாங்கிரியோடு போனேன். மாஸ்டர் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, “துணி சாயத்தைத்தானுங்க எடுத்துக்குது. அந்த அறுவது கிலோ உப்பு?” என்றார்.

சாக்கடைக்குப் போகிறது. சாக்கடை நொய்யலுக்கு. துணியில் பிடிக்காமல் தண்ணீரோடு வினை புரிந்து வீணான சாயமும் கூடவே. எனக்குத் தெரிந்துதான் இருந்தது. ஜாங்கிரி சாப்பிடும் நேரத்தில் எதற்கு என்று பேச்சை மாற்றிவிட்டேன். ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருந்த விவசாயிகளால் அப்படிப் பேச்சை மாற்ற முடியவில்லை. கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. மாஸ்டரின் பட்டறை அப்புறம் திறக்கவே இல்லை.

திறந்த இடங்களில் கழிவை வெளியே விடாமல் தண்ணீரையும் உப்பையும் பிரித்துத் திரும்ப எடுக்கிறார்கள். சாதா உப்புக்குப் பதில் சோடியம் சல்ஃபேட் போட்டால் இதில் ஒரு சௌகரியம். 32 டிகிரி சூட்டில் அது நன்றாகக் கரையும். குளிர வைத்தால் கரைதிறன் சரசரவென்று இறங்கி, படிகமாகக் கீழே உட்கார்ந்துவிடும். அள்ளிக்கொள்ள வேண்டியதுதான். சாதா உப்பு சூட்டுக்கும் குளிருக்கும் அவ்வளவாக அசையாத ஜன்மம்.

போன மாசம் மாஸ்டரைப் பார்த்தபோது இதைச் சொன்னேன். எண்பதைத் தாண்டிவிட்டார். காதில் மெஷின்.

“எத்தனை டிகிரின்னீங்க?”

“32 மாஸ்டர்.”

உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். “ஏனுங் கண்ணு, அந்தப் பழைய தெர்மாமீட்டரை எங்க வச்சீங்க?”