கீரமங்கலத்துப் பூவும் காற்றின் ஈரமும்

சுருட்டுக்குக்கூடத் தனிப் பெட்டி உண்டு. உள்ளே ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம். குறைந்தால் இலை நொறுங்கும், கூடினால் பூஞ்சை பிடிக்கும். பூக்களுக்குப் பேர்போன கீரமங்கலத்து மல்லிகைக்கோ ஈரச் சாக்குதான் பெட்டி!

வாடாமலிருக்கத் தண்ணீர் தெளிப்பார்கள். எடையும் கூடும் (அது வேறு கதை). ஆனால் இதழில் நீர் தங்கினால் பூ பழுத்துவிடும். மொட்டுக்குத் தேவை காற்றில் ஈரம், 90 சதவீதத்துக்கு மேல்; கூடவே குளிர்ச்சி.

2020 ஊரடங்கில் பூக்கள் வாங்க ஆளின்றி வீணானபின் குளிர்சாதனக் கிடங்கு பற்றிப் பேச்சு எழுந்தது. நியாயம்தான். ஆனால் வெறும் குளிர் போதாது. வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் மூடாமல் வைத்த கீரை சுருங்குவதைப் பார்த்திருப்பீர்களே, அந்தக் கதிதான் பூவுக்கும். கிடங்கு கேட்கும்போதே ஈரப்பதக் கருவியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.